பழைய சாமான் வாங்கி வீட்டை அலங்கரிப்பது எப்படி (வீடு காயலான் கடை ஆகிவிடாமல்)

முதல் வருஷத்தில் மட்டும் நான் வாங்கிய பழைய சாமான்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். பித்தளைப் பறவை ஜோடி, மூடி இல்லாத ஜாடி, கை போன பொம்மை, யாருடைய தாத்தாவோ தெரியாத ஒருவரின் கருப்பு வெள்ளைப் படம். எல்லாமே மலிவு, தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. ஒரு நாள் வீட்டுக்கு வந்த அக்கா வாசலிலேயே நின்று, "என்னடா, கடை போடப் போறியா?" என்றாள். அப்போது சிரித்துவிட்டேன். அவள் போன பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்தால், அவள் கேட்டதில் தப்பே இல்லை.

முக்கால்வாசியை வெளியேற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது கண்ணில் படும்படி இருப்பது பதினாலே பதினாலு. நான் முதலில் பொருளை வாங்கிவிட்டு அப்புறம் அதற்கு இடம் தேடினேன், நீங்கள் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் பொருளைத் தேடுங்கள். கீழே இருப்பதெல்லாம் இந்த ஒரு வரியின் விரிவுதான்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு சின்ன நோட்டு

வீட்டில் எந்த இடம் வெறிச்சோடித் தெரிகிறது என்று பாருங்கள். வீடு முழுக்க வேண்டாம், முதலில் இரண்டு இடம் அல்லது மூன்று இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் நீளம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். எல்லோரும் மறப்பது ஆழத்தைத்தான். கடையில் பார்க்கும்போது சின்னதாகத் தெரிந்த பூச்சாடி, வீட்டு ஷெல்ஃபில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, போகிற வருகிறவர் முழங்கையில் இடிபடும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "கூடத்து ஷெல்ஃப், மேல் தட்டு. நீளம் 90 செ.மீ., ஆழம் 18, உயரம் 31 வரை. நீலம் ஏற்கெனவே அதிகம், வேண்டாம். உயரமாக ஒன்று, படுத்த மாதிரி ஒன்று." இவ்வளவுதான்.

நோட்டோடு சேர்த்து, அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம், இரவில் விளக்குப் போட்டு ஒரு படம் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அடித்த பெயின்டில் மிச்சம் இருந்தால் ஒரு அட்டைத் துண்டில் தடவிக் காயவைத்துக் கையோடு எடுத்துப் போகலாம். நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் கடை விளக்கில் ஏமாந்துபோவீர்கள்.

வாடகை வீடாக இருந்தால் இன்னொரு காகிதமும் பார்க்க வேண்டும், வாடகை ஒப்பந்தம். சுவரில் ஆணி அடிக்கலாமா, துளை போடலாமா, காலி செய்யும்போது அதை யார் அடைப்பது என்பதைப் படியுங்கள். எழுதவில்லை என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு, பதிலை மெசேஜாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் துளைகளையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். முன்பு இருந்தவர் போட்ட நாலு துளைக்கு என் முன்பணத்தில் பிடித்தம் ஆனது, என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

2. பணக் கணக்கு

விலைச்சீட்டில் இருப்பதை முழு விலை என்று நினைக்காதீர்கள். சுத்தம் செய்யும் சாமான், பெயின்ட், ஒயர், கண்ணாடி, வண்டிச் செலவு எல்லாம் பின்னாலேயே வரும். என் அனுபவத்தில், ஏதாவது வேலை பாக்கி இருக்கும் பொருளுக்கு மொத்தச் செலவு வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு என்று போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு. வேலையே இல்லாத பொருள், அதாவது கழுவித் துடைத்து வைத்தால் போதும் என்கிற பொருள், கொஞ்சம் விலை கூடினாலும் கடைசியில் அதுதான் சல்லிசு.

அதிலும் மோசமான பொறி, கண்ணாடி உடைந்த ஃபிரேம். ஃபிரேமைக் கிட்டத்தட்ட சும்மாவே கொடுப்பார்கள், அளவாகக் கண்ணாடி வெட்டப் போனால் ஃபிரேமின் விலையைத் தாண்டிவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: அதே அளவில், பார்க்கச் சகிக்காத படம் போட்ட, ஆனால் கண்ணாடி நன்றாக இருக்கிற இன்னொரு பழைய ஃபிரேமை வாங்கி, கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அளவு நோட்டில் இருந்தால்தான் இது நடக்கும்.

மொத்தத் தொகையை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்கு, கண்ணை முதலில் இழுக்கும் ஒரே ஒரு பெரிய பொருளுக்கு, அது ஒரு விளக்கோ கண்ணாடியோ பெரிய படமோ. இன்னொரு பங்கு, மீதிக் குட்டிச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. மூன்றாவது பங்கைத் தொடாதீர்கள், அது பழுது பார்க்கவும் மாட்டவும். நான் குட்டிச் சாமான்களிலேயே எல்லாவற்றையும் கரைத்தேன், "இது கொஞ்சம்தானே, அது கொஞ்சம்தானே" என்று.

3. கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

கையில் இஞ்ச் டேப், சின்னக் காந்தம், போன் டார்ச் மூன்றும் இருக்கட்டும்.

காந்தம் பித்தளைக்கு. நல்ல பித்தளையில் காந்தம் ஒட்டாது, இரும்பின் மேல் பித்தளைப் பூச்சு என்றால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். என் பறவை ஜோடியை வாங்கி ஆறு மாதம் கழித்துத்தான் காந்தம் வைத்துப் பார்த்தேன், இரண்டும் கவ்விக்கொண்டன. தேய்த்துத் தேய்த்துப் பூச்சு போய், அலகு ஓரத்தில் துரு தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனால் ஒட்டவில்லை என்பதால் மட்டும் பித்தளை என்று முடிவு கட்டாதீர்கள், அலுமினியத்திலும் துத்தநாகக் கலவையிலும்கூட ஒட்டாது. அடிப்பக்கத்தைத் திருப்பி, தேய்ந்த இடத்தில் உள்ளே என்ன நிறம் தெரிகிறது, தூக்கினால் கை இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

பீங்கானை ஒரு கையில் தளர்வாகப் பிடித்து இன்னொரு கை நகத்தால் தட்டுங்கள். முழுசாக இருந்தால் ணங்கென்று கொஞ்ச நேரம் ஒலிக்கும், விரிசல் இருந்தால் டொக்கென்று செத்துவிடும். மேலே வலை போல மெல்லிய கோடுகள் மட்டும் இருந்தால் அது பளபளப்புப் பூச்சில் வந்த வெடிப்பு, காட்சிக்கு வைக்கத் தொந்தரவில்லை. தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள், கசிந்து மேசையில் வட்டம் போடும். உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கிவிட்டால் அந்தப் பிரச்சினையும் இல்லை.

முகம் பார்க்கும் கண்ணாடியில் ஓரத்தைப் பாருங்கள். ரசம் போன கரும்புள்ளி இருந்தால் அது நிற்காது, மெதுவாகப் பரவும், வீட்டில் சரி செய்ய முடியாது. அந்தப் பழமைதான் பிடிக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள், முகம் பார்க்க வாங்காதீர்கள்.

மரத்தைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். அடிப்பக்கம், பின்பக்கம், மூலைப் பொருத்து எல்லாவற்றிலும் டார்ச் அடியுங்கள். குண்டூசி குத்தியது போல 1, 2 மி.மீ. அளவில் வட்டத் துளைகள் இருந்தால் மரத்தை உள்ளே இருந்து தின்ற வண்டு வெளியே வந்த வழி அது. பழைய துளை என்றால் உள்ளே கறுத்திருக்கும். துளையின் உட்புறம் வெளிறிப் புதிதாக இருந்தாலோ, பொருளை மேசையில் லேசாகத் தட்டியதும் மாவு மாதிரித் தூள் கொட்டினாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் ஒரு சின்ன மரப்பெட்டியை இதைப் பார்க்காமல் வாங்கினேன். தினமும் காலையில் அதன் அடியில், ஒரு சிட்டிகை அளவுக்கு, கோபுரம் மாதிரி குவிந்த தூள். துடைத்தால் மறுநாள் மறுபடி. மூன்று வாரம் அதைத் தூசி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபிரேம், மெத்தைத் தைத்த சின்ன ஸ்டூல், குஷன் ஆகியவற்றில் தேட வேண்டியது மூட்டைப்பூச்சி. ஃபிரேமின் பின் அட்டைக்கும் மரத்துக்கும் நடுவில், தையல் மடிப்பில், ஆணித் துளையில், பேனா மை தெறித்தது போலக் கரும்புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். பெரிய மெத்தை நாற்காலி, மெத்தை இதெல்லாம் பழசாக நான் வாங்குவதே இல்லை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

இணையத்தில் வாங்கினால் அளவைக் கேளுங்கள், அதிலும் பொருளின் பக்கத்தில் இஞ்ச் டேப் வைத்து எடுத்த படமாகக் கேளுங்கள். அடிப்பக்கப் படமும் கேளுங்கள். இரண்டையும் தர மறுப்பவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம். பேசியது, விலை, படம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கடையில் வாங்கினால் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய பொருளில் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை என்பதுதான் பதிலாக வரும், அது தெரிந்தே வாங்குவது வேறு விஷயம்.

4. அழகாக இருந்தாலும் இவற்றில் உஷார்

தந்தம், ஆமை ஓடு, பவளம். தந்தம் மாதிரி இருக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். சைட்டீஸ் என்கிற பன்னாட்டு ஒப்பந்தம் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்துக்கு 1989இல் தடை விதித்தது, அதற்கு மேல் பல நாடுகளில் தனிச் சட்டமும் இருக்கிறது. எத்தனை வயது, எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்கும் காகிதம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே சிக்கல் ஆகலாம், விற்பதும் நாடு விட்டு நாடு கொண்டுபோவதும் அதைவிடச் சிக்கல்.

பழைய பெயின்ட். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978இல்தான், பல நாடுகளில் இன்னும் தாமதம். அதனால் வயது தெரியாத பெயின்ட் அடித்த பொருளை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள்தான் ஆபத்து. உதிரும் பெயின்ட் என்றால், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். பழைய பளபளப்புப் பூச்சுப் பீங்கானிலும் ஈயம் இருக்கலாம், எனவே காட்சிக்கு மட்டும், சாப்பிடவோ குடிக்கவோ பயன்படுத்தாதீர்கள்.

இருட்டில் ஒளிரும் எண்கள் உள்ள பழங்காலக் கடிகாரம். அந்தக் காலத்துப் பூச்சில் ரேடியம் சேர்த்திருப்பார்கள். இப்போது ஒளிரவில்லை என்பதால் தீர்ந்துபோயிற்று என்று அர்த்தமில்லை. ஒளிரும் வேதிப்பொருள்தான் கெட்டுப்போயிருக்கும், ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும். கண்ணாடியைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

பழைய விளக்கு. ஒயரில் துணி உறை, வெடிப்பு, பிசுபிசுப்பு எது இருந்தாலும் பிளக்கைச் சொருகாதீர்கள். ஒயர், ஹோல்டர், பிளக் மூன்றையும் எலக்ட்ரீஷியனிடம் மாற்றச் சொல்லுங்கள், அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். வேறு நாட்டுப் பொருள் என்றால் 110 வோல்ட்டா 230 வோல்ட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. நேராகக் கூடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்

வாங்கிய பொருள் முதலில் இருக்க வேண்டிய இடம் பால்கனியோ வாசலோ, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள். துணி வகையை அதற்குத் தாங்கும் சூட்டில் துவைத்து, டிரையர் இருந்தால் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சின்ன மரப்பொருள், ஃபிரேம், புத்தகம் போன்றவற்றை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் குறைந்தது நாலு நாள் வைத்தால் மூட்டைப்பூச்சியும் முட்டையும் சாகும். எடுத்தவுடன் பையைப் பிரிக்காதீர்கள், பொருள் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் பொருளின் மேலேயே நீர் கோத்துவிடும். பழங்காலச் சாயமடித்த படம், ஒட்டுமரம் இதற்கெல்லாம் ஃப்ரீசர் ஒத்துவராது.

மரத்தில் சந்தேகம் இருந்தால் கருப்புக் காகிதத்தின் மேல் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். தூள் விழுந்தால் தெரிந்துவிடும்.

6. சுத்தம் செய்வது

மிகக் குறைவான வேலையிலிருந்து ஆரம்பியுங்கள்: முதலில் உலர்ந்த தூரிகை, அப்புறம் ஈரத்துணி, அப்புறம்தான் சோப்பு. பலர் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய்ப் பொருளைக் கெடுத்துவிடுகிறார்கள், நானும் அந்தப் பலரில் ஒருவன்.

விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டாதீர்கள். ஹேர் டிரையரில் அரை நிமிடம் சூடு காட்டினால் உரிந்து வரும், மிச்சப் பசையை எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து எடுக்கலாம். கண்ணாடிக் குடுவைக்குள் வெள்ளையாகப் படிந்த உப்புக்கறைக்கு வினிகரை ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். பித்தளைக்குப் புளிப்பான எதுவும் வேலை செய்யும், உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். ஆனால் எல்லாப் பித்தளையையும் பளபளவென்று ஆக்க வேண்டியதில்லை. குழிகளில் கருமை இருந்தால்தான் செதுக்கிய வேலை தெரியும். மேடான இடங்களை மட்டும் துடைத்துவிட்டுப் பாருங்கள். வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

பழைய புத்தகத்தின் புழுங்கல் வாடைக்கு, மூடிய பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவோடு ஒரு வாரம். பூஞ்சை கண்ணுக்கே தெரிந்தால் வாங்கவே வேண்டாம்.

பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால், அதுவும் ஈயப் பயம் இல்லாத பொருள்தான் என்றால், 220 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ப்ரைமர் போட்டு, ஸ்பிரேயை மெல்லிசாக மூன்று முறை அடியுங்கள். ஒரே தடவையில் மூடிவிடலாம் என்று அடித்தால் வழியும். தொட்டால் ஒட்டவில்லை என்பதும் உள்ளே இறுகிவிட்டது என்பதும் ஒன்றல்ல, இறுகச் சில வாரம்கூட ஆகலாம். நான் மறுநாளே ஷெல்ஃபில் வைத்து, தட்டோடு சேர்த்து ஒட்டவைத்தேன்.

7. வைப்பது

ஷெல்ஃபை முழுக்கக் காலி செய்துவிட்டு ஆரம்பியுங்கள். இருப்பதன் நடுவில் சொருகினால் வராது.

மூன்று பொருள் ஒரு கூட்டம். உயரம் மூன்றும் வேறு வேறாக இருக்கட்டும், பின்னால் உயரமானது, முன்னால் ஒரு பக்கமாகக் குட்டையானது. மூன்றுக்கும் ஏதாவது ஒன்று பொதுவாக இருந்தால்தான் கூட்டம் போலத் தெரியும், நிறமோ, உலோகமோ, வடிவமோ. என் ஷெல்ஃபில் சாயம் போன பச்சைக் குடுவை, பச்சை அட்டைப் புத்தகம் இரண்டு, அதன் மேல் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம். கிண்ணத்தை நேராகத் தட்டில் வைத்தபோது காணாமலே போனது, புத்தகத்தின் மேல் ஏறியதும் அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. உயரம் போதாத எதற்கும் புத்தகம்தான் மருந்து.

கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் காலி இடம் விடுங்கள், மூன்றில் ஒரு பங்காவது. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, காலியைப் பார்த்தால் கை பரபரக்கும். சின்னச் சின்னதாக நிறைய இருந்தால் ஒரு தட்டில் சேர்த்து வைத்துவிடுங்கள், பத்துப் பொருள் ஒரு பொருளாகிவிடும், தூசி துடைக்கவும் ஒரே தூக்கு.

அப்புறம் இரவில் விளக்குப் போட்டுப் பாருங்கள். 2700 கெல்வின் என்று அட்டையில் போட்ட மஞ்சள் வெளிச்ச பல்பில் பித்தளையும் மரமும் உயிர் பெறும், நீலம் கலந்த வெள்ளை பல்பில் எல்லாம் ஆஸ்பத்திரிச் சாமான் ஆகிவிடும்.

8. சுவரில் மாட்டுவது

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. வரை. சோபாவுக்கு மேல் என்றால் சோபாவின் முதுகிலிருந்து 15, 20 செ.மீ. இடைவெளி, படங்களின் மொத்த அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. இதைவிட மேலே போனால் படம் கூரையைப் பார்த்து ஓடுவது போல இருக்கும்.

பல படங்கள் என்றால் ஒவ்வொன்றின் அளவுக்கும் செய்தித்தாள் வெட்டி, பெயின்டர் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஆணி அடிக்கும் இடத்தைத் தாளிலேயே குறித்துக்கொண்டால் அதன் மேலேயே அடிக்கலாம். துளை போட அனுமதி இல்லையென்றால் ஒட்டுப்பட்டை இருக்கிறது, அட்டையில் போட்ட எடையைத் தாண்டாதீர்கள், சுவரைத் துடைத்துவிட்டு, அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் படத்தை ஏற்றுங்கள். பழைய மரஃபிரேம் பார்ப்பதைவிடக் கனம் அதிகம், தராசில் வைத்துப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

9. எத்தனை நாள், அப்புறம் என்ன

அளப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேடுவது இரண்டு மூன்று மாதம், அதில் பல நாள் வெறுங்கையோடு திரும்புவீர்கள், அது நல்ல நாள்தான். தனிமைப்படுத்திச் சுத்தம் செய்ய ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்றிலிருந்து இரண்டு வாரம். வைத்துப் பார்த்து மாற்றுவது ஒரு சாயங்காலம், ஆனால் அந்தச் சாயங்காலம் மூன்று தடவை வரும்.

வெளியே வைத்தது போக மிச்சம் ஒரே ஒரு பெட்டி மட்டும் இருக்கலாம், உள்ளே இருப்பதை மேலே எழுதி ஒட்டுங்கள். புதிதாக ஒன்று வந்தால் பெட்டியிலிருந்து ஒன்று வெளியே போக வேண்டும். ஆறு மாதம் எடுக்காததைக் கழுவி, உடையாமல் சுற்றி, யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு பொறி, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்குப் பழைய சாமான் பிடிக்கும் என்று ஒரு தடவை செய்தி பரவிவிட்டால் போதும், சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணெல்லாம் உங்கள் வாசலில் வந்து இறங்கும். முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், அதனால் அளவைச் சொல்லிவிடுங்கள்: "ஆழம் 18 செ.மீ., அதற்கு மேல் போனால் வைக்க இடமில்லை." முக்கால்வாசிப் பேர் அளக்கச் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். கடை போடப் போறியா என்று கேட்ட அக்கா மட்டும் போன வாரம் ஒரு மண்குதிரையோடு வந்தாள், அளந்துதான் கொண்டுவந்தாளாம், பதினேழரை.